ஒரு தம் அடித்துவிட்டால்…

ஒருவர் சிகரெட்டை விட்டுப் பத்து நாளாகிறது. டீக்கடையில் நண்பர் ஒன்றை நீட்டுகிறார். பெட்டிக்கடையில் நூலில் கட்டித் தொங்கும் லைட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. விட்டவர் பழக்கதோஷத்தில் பற்றவைத்துவிடுகிறார். சாயங்காலத்துக்குள் ஒரு பாக்கெட் தீர்ந்துபோகிறது. முதல் சிகரெட்டுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் அவர் மனதில் ஓடியது இதுதான்: “நம்மால முடியாது. இனிமே விட்டு என்ன, விடாட்டி என்ன?”

குடியையும் புகையையும் விட முயல்கிறவர்களைத் தடுக்கி விழவைக்கும் இந்த எண்ணத்தைக் கூர்ந்து கவனித்தவர் அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட். ஜூடித் கார்டனுடன் சேர்ந்து 1985இல் அவர் கொண்டுவந்த நூல், ஒரு முறை சறுக்குவது வேறு, பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடுவது வேறு என்று பிரித்துக் காட்டியது. ‘எனக்கு மன உறுதி கிடையாது’ என்று தன்னையே பழித்துக்கொள்பவர் மேலும் சறுக்குகிறார். எந்த இடம், எந்த நேரம், யாருடைய துணை தன்னைச் சறுக்க வைத்தது என்று பார்ப்பவருக்கோ, அடுத்த முறை மாற்றிக்கொள்ள ஏதோ ஒன்று கையில் இருக்கிறது.

புதுப் பழக்கத்தை உண்டாக்கிக்கொள்வதிலும் ஒரு நாள் தவறுவது பெரிய விஷயமல்ல. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியின் குழு 96 பேரை 12 வாரங்கள் கவனித்தது. சாப்பாட்டோடு ஒரு பழம், சாப்பாட்டுக்கு முன் கொஞ்ச நேர ஓட்டம் என்று ஆளுக்கொரு பழக்கம். அந்தப் போக்கை நீட்டிக் கணக்கிட்டபோது, பழக்கம் படிய ஒருவருக்கு 18 நாள் போதும், இன்னொருவருக்கு 254 நாள் தேவை என்று தெரிந்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது முன்னேற்றத்தைப் பெரிதாகக் கெடுத்துவிடவில்லை.

புகையில் ஒரு சங்கடம் கூடுதல். நிகோட்டினுக்குப் பழகிய மூளை அதைக் கேட்டு நச்சரிக்கும். முதல் சில நாள் எரிச்சலும் தூக்கமின்மையும் பாடாய்ப்படுத்தும். சில வாரங்களில் தணிந்துவிடும். ஒவ்வொரு முறை எழும் ஆசையும் சில நிமிடங்களில் அடங்குவதுதான். அதனால் சறுக்கிய உடனே செய்யவேண்டியவை எளியவை: மிச்சமுள்ள சிகரெட்டைத் தூக்கிப்போடுவது, அந்த இடத்தை விட்டு நகர்வது, நெருங்கிய ஒருவரிடம் நடந்ததைச் சொல்வது.

அடுத்த முறைக்கான பதிலையும் அன்றே முடிவுசெய்துவிடலாம். “நண்பர் நீட்டினால், டீ டம்ளரோடு தள்ளிப்போய் நிற்பேன்” என்பதுபோல, ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்வது பலன் தருவதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

தனியாகச் சமாளிக்க முடியாதவர்கள் 1800-11-2356 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். 2016இல் மத்திய அரசு தொடங்கிய இந்த ஆலோசனைச் சேவையின் எண் சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்கிறது. விட நினைப்பவர்கள் மட்டுமல்ல, விட்டு மறுபடி தொட்டவர்களும் அதில் தயங்காமல் பேசலாம்.