சிறுநீரக அழற்சி

தொண்டைப்புண்ணோ சிரங்கோ உற்ற சிறுவனொருவன் நலம்பெற்று விளையாடத் தொடங்குகின்றான். இரண்டொரு வாரஞ் சென்றபின், ஒருநாட் காலையில் அவன் முகம் வீங்குகின்றது. சிறுநீர் அளவிற் குறைந்து, கறுத்த தேநீர் போல் இறங்குகின்றது. புண்ணை விளைத்த ஸ்டிரெப்டோகாக்கஸ் என்னுங் கிருமியோ சிறுநீரகத்துட் குடிபுகுந்திலது. கிருமியில்லாவிடத்து நோய் வந்தவாறு என்னை?

சிறுநீரகமாவது விவிலியத்திற் குண்டிக்காய் எனப்படுவதே. (எபிரேயச் சொல் ஒன்றாயினும், லேவியராகமத்திற் குண்டிக்காய் என்றும் சங்கீதத்தில் உள்ளிந்திரியம் என்றும் நம்மவர் பெயர்த்தமை தமிழ் மாணாக்கர் நோக்கற்பாலது.) ஒவ்வொன்றிலும் ஏறக்குறையப் 10 இலட்சம் நுண்குழற் பந்துகள் உள. மயிரினும் நுண்ணிய இரத்தக்குழல்கள் நூற்பந்துபோற் சுருண்ட இவற்றின் வழியே நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவு நீர் வடிகின்றது. அதிற் பெரும்பகுதி இரத்தத்தையே மீளச் சேரும். செவ்வணுக்களும் பெரும் புரதங்களும் இவ்வடிகட்டியைக் கடவா. வீக்கநோயாளர் சிறுநீரைக் காய்ச்சின் முட்டை வெண்கருப்போல் உறைவதையும், அன்னார் சிறுநீரகம் பழுதுற்றிருப்பதையும் இயைத்து 1827-இல் வெளியிட்டவர் இலண்டன் மருத்துவர் ரிச்சர்டு பிரைட்.

இனி நோயின் வரவைக் காண்போம். கிருமியை வெல்ல உடல் ஆக்கிய எதிர்ப்பொருள்கள் கிருமியின் பொருள்களோடு பிணைந்து வடிகட்டியின் சுவரிற் படிகின்றன. உடனே இரத்தத்தில் உறங்கிக் கிடந்த சில புரதங்கள் விழித்துப் பிளவுபட, அத்துணுக்குகள் வெள்ளணுக்களை அழைக்கின்றன. இயல்பில் வழுவழுப்பாயிருக்கும் குழலின் உள்ளுறையும் அப்போது கொக்கி போன்ற புரதங்களைப் புறத்தே நீட்டுகின்றது. வெள்ளணுக்கள் அவற்றிற் சிக்கி நிற்கின்றன. வெள்ளணுக்கள் குழற்சுவரை ஊடுருவிச் செல்வதைத் தவளையினிடத்து 1867-இல் கோன்ஹைம் விளக்கிக் காட்டினார்.

வந்த அணுக்கள் பகையை விழுங்குதற்கே வந்தன. ஆயின் பகை சுவரோடு ஒட்டிக் கிடத்தலின் விழுங்கலாகாது. விழுங்கமாட்டாமல், தம்முள் வைத்திருந்த சிதைக்கும் நொதிகளை வெளியே கொட்டுகின்றன. சுவர் அரிப்புண்டு, செவ்வணுவும் புரதமும் ஒழுகுகின்றன. உள்ளுறை வீங்கிக் குழல் குறுகுதலின் வடிநீர் குறைய, உப்பும் நீரும் உடலிலே தங்கி இரத்த அழுத்தத்தை உயர்த்துகின்றன.

சிறுவரிற் பெரும்பாலார் சில வாரங்களில் தேறுவர். சுவர் கிழிந்தவிடத்தோ, அணுக்கள் வெளியுறையுட் புகுந்து பிறைவடிவாய்த் திரளும். புலவர் வளர்பிறையை ஆக்கத்திற்கு உவமிப்பர். இப்பிறை வளருந்தோறும் சிறுநீரகம் தேயும். பிறைகள் மிகின், மருந்தில்லாவிடத்துச் சில வாரங்களிலோ திங்களிலோ அது முற்றும் அழியலாம். வெள்ளணுக்களை அடக்கும் ஸ்டீராய்டு மருந்துகளை மருத்துவர் அப்போது ஈவர். அவையே பிற கிருமிகள் நுழையவும் வாயில் திறத்தலின், அளவறிந்து ஈதல் அவர்க்கு அரிய பணியாகின்றது.