நடுச்சுவர் இடிந்தது! கவர்னரிடம் போனது தகராறு!
புதுவை சம்பா கோவிலின் பழைய கதை

புதுவை, மிஷன் வீதி:

தேங்காய்த்திட்டில் ஆட்டோ ஏறி "சம்பா கோவில் போப்பா" என்றால் டிரைவர் மறுபேச்சு பேசாமல் மிஷன் வீதியில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். "அமலோற்பவ அன்னை பேராலயம்" என்று சொல்லிப் பாருங்கள். கொஞ்சம் யோசிப்பார்!

சம்பா என்றால் நெல் அல்ல. புனித பவுல் என்ற பெயரைத்தான் நம்ம ஜனங்கள் வாயில் போட்டு மென்று "சம்பா" ஆக்கிவிட்டார்கள். சேசு சபை சாமியார்கள் கட்டிய கோவில் இது.

மூன்று முறை போனது

இப்போது நிற்பது நாலாவது கட்டடம். பிரான்ஸ் அரசர் 14-ம் லூயி கொடுத்த பணத்தில் 1692-ல் முதல் கோவில் எழுந்தது. மறு வருஷமே டச்சுக்காரன் புதுவையைப் பிடித்தான். கோவில் காலி! அடுத்து அவசரமாக ஒன்று கட்டினார்கள். அதுவும் நிலைக்கவில்லை. 1728-ல் தொடங்கி 1736-ல் முடித்ததுதான் மூன்றாவது, பெரிய கோவில்.

அமளி நடந்தது அதற்குள்ளேதான்.

குறுக்கே ஒரு சுவர்

கோவிலுக்குள் வடபுறம் ஒரு சுவர் இருந்தது. தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்த கிறிஸ்தவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம். மற்றவர்கள் இந்தப் பக்கம். ஒரே பூசை, ஒரே சாமி, நடுவில் சுவர்!

1745 அக்டோபரில் காரைக்காலில் இருந்து வந்த சாமியார் ஒருவர் இதைத் தட்டிக் கேட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் திரண்டுபோய் பெரிய சாமியாரிடம் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிந்தது.

மேல்சாதிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கோவிலுக்குள்ளேயே சாமியாரோடு வாக்குவாதம். விஷயம் கவர்னர் துய்ப்ளேக்ஸ் காதுக்குப் போனது. கூட்டம் கூடிப் பேசுகிறவனைப் பிடித்து உள்ளே போடு என்று உத்தரவு போட்டார். அந்தக் காலத்து 144 என்று வைத்துக்கொள்ளுங்கள்!

இத்தனையும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இருக்கிறது. மனுஷன் ஊரில் நடந்த ஒன்றையும் விட்டு வைக்கவில்லை. நம்மைப் போன்ற நிருபர்களுக்கெல்லாம் அவர்தான் மூத்தவர்.

புதுவையில் மட்டும்தான் இந்தக் கூத்து என்று நினைக்க வேண்டாம். நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் ஒரு சாதிக்கு ஒரு பக்கம் என்று, கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி பிரித்தே கோவிலைக் கட்டினார்கள். அங்கே தடுப்பை எடுக்க 1910 வரை ஆனது!

பக்கத்தில் ஈஸ்வரன் கோவில்

அந்தக் காலத்தில் சம்பா கோவிலை ஒட்டியே வேதபுரீஸ்வரர் கோவிலும் இருந்தது. இரு தரப்புக்கும் பல வருஷமாகப் புகைச்சல். 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் படை ஊரை முற்றுகை போட்டிருந்த நேரம். துய்ப்ளேக்ஸ் ஆட்சியில் ஈஸ்வரன் கோவிலை இடித்துத் தள்ளினார்கள். பிள்ளை இதையும் எழுதி வைத்திருக்கிறார், மனம் நொந்து.

பதின்மூன்று வருஷம் போனது. 1761-ல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் புதுவையைத் தரைமட்டமாக்கினார்கள். சம்பா கோவிலும் தப்பவில்லை.

ஈஸ்வரன் கோவில் பிறகு வேறு இடத்தில் எழுந்தது. இன்று காந்தி வீதிப் பக்கம் ஈஸ்வரன் கோவில் தெருவில் பூசை நடக்கிறது. சம்பா கோவிலைப் பழைய இடத்திலேயே 1770-ல் கட்டத் தொடங்கி, 1791-ல் அபிஷேகம் செய்தார்கள். 21 வருஷ வேலை! நடுவில் 1773-ல் ரோமாபுரியில் போப்பாண்டவர் சேசு சபையையே கலைத்துவிட்டார். பாரிஸ் மிஷன் சாமியார்கள் பொறுப்பேற்று வேலையை முடித்தார்கள்.

முகப்பில் தூண்கள் ஜோடி ஜோடியாக நிற்கும். மேலே ஓர் அடுக்கு, கீழே ஓர் அடுக்கு. உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தால், பீப்பாயை நீளவாக்கில் பிளந்து கவிழ்த்த மாதிரி கூரை. நடுவே கும்மட்டம். அதில் எட்டு வட்டத் துளைகள். வெளிச்சம் அது வழியாகத்தான் இறங்கும்.

டிசம்பர் 8 திருவிழா. அன்று மிஷன் வீதிப் பக்கம் சைக்கிளில் போகிறவர்கள் கொஞ்சம் சுற்றுவழியில் போவது நல்லது.