வாசித்துக் காட்டு

1970-களின் நடுவில் நான் மூன்றாம் வகுப்புப் படித்தேன். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்ற செய்தி ஒரு வாரம் முன்பே பள்ளிக்கு வந்துவிடும். கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவோம். சிலேட்டுக்கும் அதே பூச்சுதான். அந்த வாரம் முழுவதும் தமிழ்ப் புத்தகத்தில் ஒரே ஒரு பாடம் நடக்கும். வாத்தியார் ஒரு வரி சொல்ல, நாங்கள் நாற்பத்தாறு பேரும் சேர்ந்து சொல்வோம். நான்காவது நாளில் புத்தகத்தைத் திறக்காமலே எல்லோருக்கும் பாடம் வந்துவிடும். எழுத்துக் கூட்டவே தெரியாத நான்கைந்து பேரிடம், "நாளைக்கு நீங்கள் வர வேண்டாம்" என்று முந்தின நாள் மாலையில் சொல்லிவிடுவார்கள்.

இன்ஸ்பெக்டர் என் பக்கத்தில் இருந்த பையனை எழுப்பி, "எங்கே, வாசித்துக் காட்டு" என்றார். அவன் வரிக்குக் கீழே விரலை நகர்த்திக்கொண்டே கணீரென்று வாசித்தான். விரல் மூன்றாவது வரியில் இருக்கும்போது வாய் ஐந்தாவது வரிக்குப் போய்விட்டது. எனக்கு அது தெரிந்தது. நின்றுகொண்டிருந்த அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். குனிந்து நாலு பக்கம் தள்ளிப் புரட்டி, "இதை வாசி" என்றார். பக்கத்தின் முதல் சொல் 'மலை'. "ம" என்றான். அடுத்த எழுத்தில் நின்றுவிட்டான். அது யானை தும்பிக்கையைத் தூக்கியது போல இருக்கும் பழைய 'லை'.

அவர் திட்டவில்லை. தோளில் தட்டி உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார். எங்கள் வகுப்பின் வாசிப்பு திருப்தி என்று பதிவேட்டில் எழுதியிருப்பதாக மறுநாள் வாத்தியார் மகிழ்ச்சியோடு சொன்னார். வகுப்பைப் பற்றி எழுத அந்தப் பதிவேட்டில் இடம் இருந்தது. அந்தப் பையனைப் பற்றி எழுத இடம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு அவன் படிப்பு நின்றது.

ஆய்வுக்காக ஒரு பாடத்தை உருப்போட வைக்கும் பழக்கம் எங்கள் வாத்தியாரோடு தொடங்கியதல்ல. அதற்கு நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வயது உண்டு. 1862-ல் இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய விதி வந்தது. ஆய்வாளர் நேரில் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார்; தேறிய பிள்ளைக்கு, தேறிய பாடத்துக்கு இவ்வளவு என்று மானியம். ஒரு பாடத்துக்கு இரண்டு ஷில்லிங் எட்டு பென்ஸ். தேறாவிட்டால் அந்தப் பணம் பள்ளிக்கு இல்லை. கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மாத்யூ ஆர்னால்டு இந்த முறையைக் கடுமையாக எதிர்த்தார். பிள்ளைகள் புத்தகத்தை மனப்பாடம் செய்து தேறிவிடுகிறார்கள், வேறொன்றைக் கொடுத்தால் வாசிக்க முடிவதில்லை என்பது அவர் கண்ட குறை. அதே முறை சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தேர்ச்சிக்கு ஏற்ற மானியம் என்ற பெயரில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இங்கே நடந்தது. மானியம் போய்விட்டது, மானியத்துக்காகப் பழகிய பழக்கம் மட்டும் எங்கள் வகுப்பறை வரை வந்து சேர்ந்தது.

அதற்கும் முன்பு திண்ணைப் பள்ளியில் அரசாங்கத் தேர்வு என்று ஒன்று இல்லை. பிள்ளை மணலில் விரலால் எழுதினான். பிறகு ஓலைக்குப் போனான். படித்து முன்னேறிய பையன் சட்டாம்பிள்ளையாக இருந்து பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். எழும்பூர் அநாதை விடுதியில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். பின்னர் ஆளுநர் தாமஸ் மன்றோ மாகாணம் முழுவதும் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-ல் அவர் எழுதிய குறிப்பின்படி 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் படித்தார்கள். அவர்களில் பெண் பிள்ளைகள் 4,540 பேர். எத்தனை பேர் வருகிறார்கள் என்பதுதான் அன்றைய கேள்வி. வந்தவர்களுக்கு வாசிக்க வருகிறதா என்று யாரும் கேட்கவில்லை.

எத்தனை பேர் வருகிறார்கள் என்ற கேள்விக்கு இன்று ஏறக்குறைய பதில் கிடைத்துவிட்டது. 2024-ஆம் ஆண்டின் 'அசர்' என்ற கல்வி நிலை ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் 6 முதல் 14 வயது வரையுள்ளவர்களில் 98.1 விழுக்காட்டினர் பள்ளியில் பெயர் பதிந்திருக்கிறார்கள். மன்றோ கேட்காத கேள்வியைக் கேட்பதற்கென்றே 2005-ல் தொடங்கியது இந்த ஆய்வு. அதன் கருவி மிக எளியது. ஒரு தாளில் சில எழுத்துகள், சில சொற்கள், நான்கு வரியில் ஒரு பத்தி, அதைவிடச் சற்று நீளமாக ஒரு சிறு கதை. கதை இரண்டாம் வகுப்புத் தரத்தில் இருக்கும். தன்னார்வலர் வீட்டுக்கே வந்து, பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்வார். உருப்போட்ட பாடத்துக்கு அங்கே இடமில்லை. அரசுப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்பில் அந்தக் கதையை வாசிக்க முடிந்தவர்கள் 2018-ல் நூற்றுக்கு 20.9 பேர், கொரோனா முடிந்த 2022-ல் 16.3; 2024-ல் 23.4. நாடு முழுவதற்குமான கணக்கு இது. தமிழ்நாட்டில் 2022-ல் மூன்றாம் வகுப்பில் அந்தக் கதையை வாசித்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. 2024-ல் அந்த எண் உயர்ந்தது. அன்று இன்ஸ்பெக்டர் புரட்டிய அந்த நாலு பக்கத்தை இப்போது ஊர் ஊராகப் புரட்டிப் பார்க்கிறார்கள். எண்கள் வலிக்கின்றன. ஆனாலும் எங்கள் காலத்தில் இந்த எண்ணே இல்லை என்பதை நான் மறக்க மாட்டேன்.

சென்ற ஆண்டு பக்கத்து ஊரில் ஒரு தொடக்கப் பள்ளியில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள். சுவரின் அடிப்பாகத்தில் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை ஓடுகிறது. மேலே கட்டிய கம்பியில் அவர்கள் வரைந்த படங்கள் தொங்குகின்றன. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல் விட்டுச் சென்றவை இவை. அட்டைகளும் ஏணிப்படியுமாக அது நடந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறலாம் என்றது. இப்போது நடப்பது 'எண்ணும் எழுத்தும்' திட்டம். 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் நீண்டது. பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதைவிட எந்த நிலையில் வாசிக்கிறது என்பதுதான் இதில் முக்கியம். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள்.

ஒரு சிறுமியை ஆசிரியை அருகில் அழைத்தார். பயிற்சி நூலில் புதிதாக ஒரு பக்கத்தை எடுத்துக் கொடுத்தார். 'பட்டம்' என்ற இடத்தில் அவள் தயங்கினாள். "பாட்டுல வந்துச்சே, இட்டு… இப்ப கூட்டு" என்றார் ஆசிரியை. "ப… ட்… ட… ம்" என்று கூட்டி, பிறகு சேர்த்துச் சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். "இவ இன்னும் மொட்டுலதான் சார் இருக்கா. உயிர்மெய் எல்லாம் வருது. ஒற்று வந்தா நிக்கிறா. தீபாவளிக்குள்ள தாண்டிருவா" என்றார் என்னிடம்.

எங்கள் வாத்தியார் நல்ல மனிதர். ஆனால் நாற்பத்தாறு பேரில் யார் எந்த எழுத்தில் நிற்கிறார்கள் என்று அவரால் சொல்லியிருக்க முடியாது. அதைச் சொல்லும்படி அவரை யாரும் கேட்டதுமில்லை. பக்கத்து இருக்கைப் பையன் 'லை'யில் நின்றான் என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்ததா என்பது இன்றுவரை தெரியாது. அந்த எழுத்தும் 1978-ன் எழுத்துச் சீர்திருத்தத்தில் மாறிவிட்டது. இன்றைய பிள்ளைக்கு 'மை', 'கை' போலவே 'லை'யும் இணைக்கொம்போடு நிற்கிறது. அவன் நான்கைந்து ஆண்டு தள்ளிப் பிறந்திருக்கலாம் என்று சில நேரம் நினைப்பேன்.

அந்த அரை நாளில் வேறொன்றையும் பார்த்தேன். சிறுமி வாசித்து முடித்ததும் ஆசிரியை செல்பேசியை எடுத்தார். செயலியில் அவள் பெயரைத் தேடி, கேள்விகளைத் திறந்து, விடைகளைத் தொட்டுப் பதிய வேண்டும். சிக்னல் இல்லை, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அடுத்த பையன் நூலைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றான். அவன் தானாகவே மெல்ல வாசிக்கத் தொடங்கினான். ஆசிரியையின் கண் திரையில் இருந்தது. அவன் இரண்டு வரி வாசித்ததை நான் மட்டும்தான் கேட்டேன்.

எழுதுவதில் இழப்பு இன்னும் பெரியது. எங்களுக்கு நாள்தோறும் சொல்வதெழுதுதல் பத்துச் சொல். தப்பினால் ஒவ்வொன்றும் ஐந்து முறை. இரட்டைக் கோட்டு நோட்டில் ஒரு பக்கம் பார்த்தெழுத வேண்டும். சனிக்கிழமைக்கு ஒரு கட்டுரை. பசுவைப் பற்றிய கட்டுரை எல்லோருடைய நோட்டிலும் ஒன்றாகத்தான் இருக்கும். அதைச் சொந்த எழுத்து என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வாக்கியத்தை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று கைக்குத் தெரிந்திருந்தது. இன்றைய பயிற்சி நூலில் பொருத்து, வட்டமிடு, கட்டத்தில் நிரப்பு என்பவையே மிகுதி. தேசிய அளவில் நடக்கும் அடைவு ஆய்வும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் சொல்கிறது. இந்த முறையை முதலில் உருவாக்கியவர்களில் ஒருவர் அமெரிக்கக் கான்சாஸ் மாநிலத்தின் பிரெடரிக் கெல்லி. 1910-களில் பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கத்தான் அவர் அதை வகுத்தார். திருத்துபவர் யாராக இருந்தாலும் ஒரே மதிப்பெண் விழ வேண்டும் என்பது அவர் நோக்கம். நியாயமான நோக்கம்தான். ஆனால் தேர்வில் எழுத வேண்டியதில்லை என்றால் வகுப்பிலும் எழுத்து குறைந்துவிடும். நான் போன பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த அரை நாளில் சொந்தமாக ஒரு வாக்கியம்கூட எழுதவில்லை.

ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று 2019-ல் தமிழ்நாட்டில் ஓர் அரசாணை வந்தது. பெற்றோரும் ஆசிரியர்களும் எதிர்த்தார்கள். 2020 பிப்ரவரியில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்றது சரி என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். பத்து வயதுப் பிள்ளைக்கு 'நீ தேறவில்லை' என்று சொல்லும் தேர்வு வேறு. 'இவள் ஒற்றில் நிற்கிறாள்' என்று ஆசிரியருக்குச் சொல்லும் தேர்வு வேறு. முதலாவது பக்கத்து இருக்கைப் பையனை இன்னும் சீக்கிரம் வெளியே அனுப்பியிருக்கும். இரண்டாவது அவனைக் காப்பாற்றியிருக்கும்.

ஆகவே அளப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அளந்ததைப் பதிவதற்கே ஆசிரியரின் நேரம் போவதைத்தான் குறை சொல்வேன். வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது செயலியும் படிவமும் இல்லாமல், பிள்ளைகள் ஒவ்வொருவராக வாசிப்பதைக் கேட்க மட்டும் ஆசிரியரை விட்டால் போதும். இன்னொரு மணி நேரம் பிள்ளைகள் தாங்களாக எழுதட்டும், பிழையோடு எழுதட்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வீட்டில் இரண்டாவதோ மூன்றாவதோ படிக்கும் பிள்ளை இருந்தால், இன்று இரவு அது முன்பு பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். செய்தித்தாளாக இருந்தாலும் சரி, கல்யாணப் பத்திரிகையாக இருந்தாலும் சரி. பக்கத்தில் உட்காருங்கள். தடுக்கிய இடத்தில் உடனே எடுத்துக் கொடுக்காமல் கொஞ்சம் பொறுங்கள். விரலும் வாயும் ஒரே வரியில் போகின்றனவா, எந்த எழுத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள். நாளைக் காலையில் பள்ளி வாசலில் விடும்போது அந்த எழுத்து எதுவென்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.