ஒற்றைச் சக்கரமும் ஆக்லாந்துக் குளிரும்

மின்சார ஒற்றைச் சக்கரத்தைப் பார்த்திராதவர்களுக்காக முதலில் ஒரு சிறு அறிமுகம். ஒரே ஒரு சக்கரம். அதன் இரு பக்கமும் கால் வைக்க மடக்குப் பலகைகள். இருக்கை கிடையாது, கைப்பிடி கிடையாது, பிரேக்கும் கிடையாது. முன்னால் சாய்ந்தால் ஓடும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். டிரெவர் பிளாக்வெல் என்பவர் 2004ல் இப்படித் தானே நிமிர்ந்து நிற்கும் சக்கரம் ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டினார். பிறகு 2011 வாக்கில் அமெரிக்காவில் ஷேன் சென் 'சோலோவீல்' என்ற பெயரில் அதைக் கடைச்சரக்காக்கினார். இன்று கிங்சாங், இன்மோஷன், பிகோட் என்று சீனத் தயாரிப்புகள் பல வந்துவிட்டன.

இந்தச் சக்கரத்தைக் குளிர்காலத்தில் ஓட்டுவது பற்றித்தான் இந்தக் கட்டுரை. டொராண்டோவிலும் ஓஸ்லோவிலும் இருந்து படிக்கிற நண்பர்கள் சிரிக்கக்கூடும். ஆக்லாந்தில் ஜூலை மாத அதிகாலை வெப்பநிலை சராசரியாக 7, 8 டிகிரி. பகலில் 14, 15. பனி விழுவது அபூர்வம். 2011 ஆகஸ்டில் கொஞ்ச நேரம் பனித்துகள் பறந்ததே பெரிய செய்தியாயிற்று. ஆனால் ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாம் சொல்கிற அதே ஆடி மாதம் இங்கே நடுக் குளிர்காலம். ஜூன் கடைசியில் சூரியன் காலை ஏழரைக்கு எழுந்து மாலை ஐந்தேகாலுக்குள் படுத்துவிடும். அலுவலகம் போவதும் வருவதும் அரையிருட்டில், ஈரத்தில், காற்றில். இந்த ஏழு டிகிரியை அலட்சியம் செய்யக்கூடாது என்பதற்குக் காரணம் சக்கரத்தின் அடிப்படையிலேயே இருக்கிறது.

சிறு வயதில் ஒட்டடைக் கம்பை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். கம்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் கம்பு நிமிரும். ஒற்றைச் சக்கரமும் இதையேதான் செய்கிறது. கம்பு நீங்கள், கை சக்கரம். உள்ளே இருக்கும் ஜைரோஸ்கோப்பும் முடுக்கமானியும் உங்கள் சாய்வை இடைவிடாமல் அளக்க, ஒரு சிறு கணினி மோட்டாருக்கு எவ்வளவு விசை வேண்டும் என்று ஒவ்வொரு கணமும் தீர்மானிக்கிறது. முன்பின் சமநிலை முழுவதும் மோட்டாரின் பொறுப்பு. பக்கவாட்டுச் சமநிலை சைக்கிளைப் போல உங்கள் பொறுப்பு.

இப்போது ஒரு கேள்வி. கம்பை நிமிர்த்தக் கையை நகர்த்திக்கொண்டே போகிறீர்கள், கை சுவரில் முட்டிவிட்டால் என்ன ஆகும்? கம்பு விழும். மோட்டாரால் தரக்கூடிய உச்ச விசைதான் அந்தச் சுவர். மின்சார ஸ்கூட்டரில் மின்கலம் தளர்ந்தால் வேகம் குறையும், அவ்வளவுதான். ஒற்றைச் சக்கரத்தில் ஓடுவதற்கும் நிமிர்ந்து நிற்பதற்கும் விசை ஒரே பையிலிருந்து வருகிறது. பை காலியானால் ஆள் முகங்குப்புற விழுவார். குளிர் அந்தச் சுவரைச் சத்தமில்லாமல் நம் அருகே நகர்த்தி வைக்கிறது.

எப்படி என்று பார்க்கலாம். குளிர்நாடுகளில் வாழும் நமக்குத் தேங்காயெண்ணெய் பாட்டில் தெரியாததல்ல. எண்ணெய் உள்ளேதான் இருக்கிறது, ஆனால் கவிழ்த்தால் வராது. லித்தியம்-அயனி மின்கலத்துக்குள் இருக்கும் திரவம் அப்படி உறைந்துவிடுவதில்லை என்றாலும், குளிரில் அதில் அயனிகளின் நடமாட்டம் மந்தமாகிறது, வேதிவினைகளும் தாமதமாகின்றன. இதைப் பொறியாளர்கள் உள்மின்தடை கூடுகிறது என்பார்கள். மின்சாரம் தொலைந்துபோவதில்லை, கேட்ட வேகத்தில் வருவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. 20 மின்கலங்கள் தொடராக உள்ள சக்கரம், முழுச் சார்ஜில் 84 வோல்ட். பாதி சார்ஜில் சுமார் 74. மோட்டார் சுழலும்போது அதுவே ஒரு ஜெனரேட்டராகவும் வேலை செய்து எதிர் மின்னழுத்தம் ஒன்றை உண்டாக்கும். வேகம் கூடக் கூட அதுவும் கூடும். நாம் போகிற வேகத்தில் அது 60 வோல்ட் என்று கொள்வோம். மிச்சம் 14 வோல்ட். உள்மின்தடை 0.1 ஓம் இருந்து 40 ஆம்பியர் இழுத்தால் 4 வோல்ட் மின்கலத்துக்குள்ளேயே போய்விடும், கையில் 10. குளிரில் மின்தடை இரு மடங்கானால் 8 வோல்ட் போய்விடும், கையில் 6. வண்டி ஓடுவதில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் எதிர்பாராமல் ஒரு குழி வந்து, நிமிர்ந்து நிற்க ஒரு கணம் கூடுதல் விசை தேவைப்படும்போது, கோடையில் இருந்த மிச்சம் இப்போது இருக்காது.

இதே சமயம் தேவையும் கூடுகிறது. 27 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 7 டிகிரிக் காற்றின் அடர்த்தி சுமார் 7 சதவிகிதம் அதிகம். எதிர்ப்பும் அந்த அளவு அதிகம். டயர்க் காற்றும் சுருங்கும். 25 டிகிரியில் 30 பி.எஸ்.ஐ. அடித்த டயர் 7 டிகிரியில் 27 சொச்சம்தான் காட்டும். இருப்பதே ஒரு டயர் என்பதால், அழுத்தம் குறைந்தால் உருளும் தடை கூடும், திரும்பும்போது சக்கரம் கனத்துத் தோன்றும்.

சக்கரங்களில் எச்சரிக்கை வசதி உண்டு. பலகையைப் பின்னோக்கிச் சாய்த்தும், கூவியும் வேகத்தைக் குறைக்கச் சொல்லும். ஆனால் வேகத்தை மட்டும் வைத்துக் கூவும் எச்சரிக்கைக்குக் குளிர் தெரியாது. மோட்டாருக்குப் போகும் மின்துடிப்பின் அகலத்தை, அதாவது பி.டபிள்யூ.எம். என்கிற அளவை வைத்து எச்சரிக்கும் வசதி புதிய மாடல்கள் பலவற்றில் இருக்கிறது. உச்ச விசையில் எத்தனை சதவிகிதத்தை இப்போதே செலவழித்துக்கொண்டிருக்கிறோம் என்று அது சொல்லும். 80 சதவிகிதத்துக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்வது விவேகம். அந்த வசதி இல்லாத சக்கரமானால் குளிர்காலத்தில் வேகத்தை நாமே குறைத்துக்கொள்ள வேண்டியதுதான், முக்கியமாகப் பாதி சார்ஜுக்குக் கீழே.

சார்ஜ் ஏற்றுவதிலும் கவனம் வேண்டும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உரிய இடத்தில் நுழையாமல் எதிர்முனையின் மேல் உலோகமாகப் படியும். இந்தச் சேதம் திரும்பாது. ஆக்லாந்தில் இது அநேகமாக நேராது. குவீன்ஸ்டவுனிலோ கனடாவிலோ கராஜில் வைத்து சார்ஜ் செய்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். சக்கரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து, அறை வெப்பத்துக்கு வந்தபின் செருகுங்கள். காலையில் கிளம்பும் நேரத்துக்குச் சற்று முன்னால் சார்ஜ் முடியும்படி வைத்தால் மின்கலமும் வெதுவெதுப்பாகப் புறப்படும். ஆனால் வெளியேறும் வாசலை அடைத்துக்கொண்டு சார்ஜ் செய்ய வேண்டாம். லித்தியம் தீப்பிடித்தால் அணைப்பது கடினம்.

மேட்டில் வீடு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆக்லாந்து எரிமலைக் குன்றுகளின் ஊர். மவுங்காவ்ஹாவ் என்கிற ஈடன் குன்றின் உயரம் 196 மீட்டர். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது மோட்டார் மின்சாரத்தை மின்கலத்துக்கே திருப்பி அனுப்புகிறது. முழுச் சார்ஜோடு இறங்கினால் அதை வைக்க இடமில்லை. குளிர்ந்த மின்கலத்தில் மின்னழுத்தம் இன்னும் சீக்கிரம் எல்லையைத் தொடும். இறக்கத்தில் தொடங்கும் பயணமானால் 90 சதவிகிதத்தோடு கிளம்புவது நல்லது.

ஈரம் தனிக்கதை. சாலையில் பூசிய வெள்ளைக் கோடுகள், இரும்பு மூடிகள், நனைந்த சருகுகள், பாசி பிடித்த மரப்பாலங்கள் எல்லாம் வழுக்கும். இரு சக்கர வண்டியில் ஒன்று வழுக்கினால் மற்றது கொஞ்சமாவது தாங்கும். இங்கே மற்றது இல்லை. அவற்றின் மேல் திரும்பாமல், பிரேக் பிடிக்காமல் நேராகக் கடந்துவிட வேண்டும். தாமாகி டிரைவ் போன்ற கடலோரப் பாதைகளில் வடக்குக் காற்றும் உயர் அலையும் சேர்ந்தால் கடலே பாதைக்கு வரும். அன்றைக்குப் பேருந்துதான் சரி.

கடைசியாக உடம்பு. சைக்கிள் மிதிப்பவருக்கு உடம்பு சூடாகும். நாம் அசையாமல் நிற்கிறோம். 7 டிகிரியில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் தோலுக்கு அது 3 டிகிரி போலிருக்கும். விறைத்த முழங்காலும் கணுக்காலும் தாமதமாக வேலை செய்யும், சக்கரத்தைத் திருப்புவதோ அவைதாம். பிரேக் பிடிக்க விரல் வேண்டாம் என்பதால் தடித்த கையுறை போட்டுக்கொள்ளலாம் என்பது ஒரு சௌகரியம். மணிக்கட்டுக் காப்பும் முகம் மூடிய ஹெல்மெட்டும் அவசியம்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். நியூசிலாந்தில் 2018ல் 300 வாட்டுக்கு உட்பட்ட மின் ஸ்கூட்டர்களுக்கு மோட்டார் வாகன விதிகளிலிருந்து விலக்கு தரப்பட்டது. அந்த அறிவிப்பின் வரையறை இரண்டு அல்லது மூன்று சக்கரமும் நீண்ட கைப்பிடித் தண்டும் உள்ள வண்டி. ஒற்றைச் சக்கரம் அதில் அடங்காது. வாங்குமுன் வாக்கா கோட்டாஹி என்கிற போக்குவரத்து அமைப்பின் நடப்பு விதிகளைப் படித்துவிடுங்கள். விழுந்து அடிபட்டு வேலைக்குப் போகமுடியாமல் போனால், ஏ.சி.சி. என்கிற அரசு விபத்துக் காப்பீடு சம்பளத்தில் 80 சதவிகிதம் தரும். ஆனால் விசைப்பலகையில் தட்டித்தான் பிழைப்பு நடத்துகிறோம், முறிந்த மணிக்கட்டு பழைய மாதிரி ஆகுமா என்பது வேறு விஷயம். ஆகவே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, கோடையில் போகிற வேகத்தில் நாலில் மூன்று பங்கு போதும். பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பிவிடுங்கள்.