கைத்துப்பாக்கி வாங்க விரும்பிய தம்பிக்கு

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டம் ஒன்றின் கோயில் மண்டபத்தில் நடைபெற்ற கூட்டத்தின் முடிவில், பால்வெட்டுத் தொழிலாளியான இளைஞர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, சம்பளப் பணத்தோடு இருட்டில் மோட்டார் சைக்கிளில் வருகிறோம். வழிப்பறிக்காரன் கத்தியோடு நிற்கிறான். அமெரிக்காவில் கைக்கு அடக்கமான சிறு துப்பாக்கியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போகிறார்களாமே! நாமும் அப்படி ஒன்று வாங்க வேண்டுமானால் எங்கே தொடங்க வேண்டும்?"

மண்டபத்தில் சிரிப்பொலி எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அச்சம் உள்ளவன் கேட்கும் கேள்வி அது. அன்று அவருக்கு அரைகுறையாகக் கூறிய விடையை இங்கே சற்று விரிவாக எழுதுகின்றேன்.

அமெரிக்க நாட்டில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை, 1791ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தத்திலிருந்து வருவதாகும். வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி கொண்டு செல்வதும் அவ்வுரிமையில் அடங்கும் என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 2022ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. நமது மலேசிய அரசமைப்பில் அத்தகைய உரிமை எதுவும் இல்லை. இங்கே துப்பாக்கி என்பது காவல்துறை அளிக்கும் அனுமதி. எந்நேரமும் திரும்பப் பெறக்கூடிய அனுமதி. இந்த ஒரு வேறுபாட்டை மறந்துவிட்டுத் திரைப்படத்தையும் கைப்பேசியில் வரும் படங்களையும் பார்த்து முடிவு செய்பவர் ஆபத்தில் சிக்குவார்.

1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் கூறுவது இதுதான்: உரிமமோ அனுமதிச் சீட்டோ இல்லாமல் ஆயுதத்தையோ தோட்டாவையோ வைத்திருப்பதும், எடுத்துச் செல்வதும், பயன்படுத்துவதும் குற்றமாகும். தண்டனை ஏழாண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டுமே. "தோட்டா" என்ற சொல்லைக் கவனியுங்கள். துப்பாக்கி இல்லாமல் ஒரே ஒரு ரவை சட்டைப் பையில் இருந்தாலும் குற்றம் குற்றமே. காட்டோரம் கிடந்த ரவையைச் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டு அழகு பார்ப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் அதை விளையாட்டென்றே நினைக்கிறார்கள். அசலைப் போலவே தோன்றும் போலித் துப்பாக்கியும் இச்சட்டத்திற்கு உட்பட்டதே. அதற்கு ஓராண்டு வரை சிறையோ ஐயாயிரம் வெள்ளி வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். இணையத்தின் வழி பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள் வாங்கும் பெற்றோர் இதை அறிந்திருத்தல் நன்று.

இதற்கு மேலும் கடுமையானது 1971ஆம் ஆண்டின் சுடுகலன் (கூடுதல் தண்டனை) சட்டம். சட்டவிரோதமாகச் சுடுகலன் வைத்திருப்பவருக்குப் பதினான்கு ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படிகளும் விதிக்க இச்சட்டம் இடமளிக்கிறது. கொள்ளை, ஆள் கடத்தல், வீடு புகுதல் போன்ற குற்றங்களைச் செய்யும்போது சுட்டவருக்கு முன்பு கட்டாய மரண தண்டனை இருந்தது. 2023ஆம் ஆண்டில் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டது. எனினும் மரண தண்டனையே நீங்கிவிடவில்லை. மரணமா, அல்லது முப்பது முதல் நாற்பது ஆண்டு வரையிலான சிறையும் பிரம்படியுமா என்பதை நீதிபதி முடிவு செய்வார். குண்டு எவர் மீதும் படாவிட்டாலும் இதே நிலைதான்.

சட்டம் ஏன் இவ்வளவு கடுமையாயிற்று? விடை நமது தோட்டங்களின் வரலாற்றிலேயே உள்ளது. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அடையாள அட்டை வழக்கத்திற்கு வந்ததும் அவ்வாண்டில்தான். துரைமார்கள் துப்பாக்கியும் கையுமாக நிரைகளைச் சுற்றிவந்தனர். தோட்டங்களுக்குச் சிறப்புக் காவலர்கள் அமர்த்தப்பட்டனர். 1951 அக்டோபர் 6ஆம் நாள், உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னியே கோல குபு பாருவுக்கு மேலே பிரேசர் மலைச் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இத்தகைய காலத்தில், அனுமதியின்றி ஆயுதம் தாங்குவதற்கு மரண தண்டனை என்று அவசரகால விதிகள் கூறின.

அவ்விதியின் கீழ் உயிரிழந்தவர்களுள் நம்மவர் ஒருவர் உண்டு. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, 1949ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ரவாங் வட்டாரத் தோட்டம் ஒன்றில் கைதானார். அவரிடம் ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் இருந்தன என்பதே குற்றச்சாட்டு. அதை வழியில் கண்டெடுத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்ததாக அவர் கூறினார் என்று எழுதியிருக்கிறார்கள். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நேருவின் இந்திய அரசு கருணை காட்டுமாறு கேட்டுக்கொண்டும் பயனில்லாமற் போயிற்று. மே மாதம் 4ஆம் நாள் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அரசியலைப் பற்றி இன்றளவும் பலர் பலவாறு பேசுகின்றனர். அதை ஆராய்வது இக்கட்டுரையின் வேலையன்று. ஒரு சிறு கைத்துப்பாக்கி, ஆறு ரவை, கைதான நாளிலிருந்து சுமார் இரண்டு மாதம் என்ற கணக்கை மட்டும் அந்தத் தம்பிக்குச் சொன்னேன். மண்டபத்தில் சிரித்தவர்களும் அமைதியானார்கள்.

அவசரகாலம் 1960ஆம் ஆண்டில் முடிந்த பின்னரும் அக்கடுமை உடனே தணியவில்லை. 1977ஆம் ஆண்டில், பினாங்கில் ஒரு கைத்துப்பாக்கியும் இருபது தோட்டாக்களும் வைத்திருந்த பதினான்கு வயதுப் பள்ளி மாணவனுக்கு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் மன்னிப்பு வழங்கப்பட்டு அச்சிறுவன் உயிர் பிழைத்தான். அச்சட்டம் 2012ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது.

இனி, துப்பாக்கியின் தன்மையைப் பற்றிச் சிறிது. இடுப்பில் மறையும் சிறு துப்பாக்கியின் குழல் ஏறக்குறைய மூன்று அங்குல நீளமே இருக்கும். குழல் குட்டையாக இருப்பதால் குறி பார்ப்பது கடினம். எடை குறைவாதலால் சுடும்போது கை உதறும். இடைவிடாத பயிற்சி உள்ளவருக்கே அது சொற்படி கேட்கும். வழிப்பறிக்காரன் எட்டடி தூரத்தில் கத்தியோடு நிற்கையில், மோட்டார் சைக்கிளின் கைப்பிடியை விட்டுவிட்டுச் சட்டையை விலக்கி அதை உருவி எடுப்பதற்குள் அவன் நம்மை நெருங்கிவிடுவான். பிறகு துப்பாக்கி அவனுடையது. மற்றுமோர் ஆபத்து, தோட்டாக்கள் அடங்கிய பெட்டியைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று எண்ணுவது. குழலின் பின்னறையில் ஒரு தோட்டா ஏற்கெனவே ஏறியிருக்கக்கூடும். இத்தகைய "காலி" துப்பாக்கிகளால் வீடுகளில் குழந்தைகள் மாண்டதும் உண்டு.

நமது தோட்டங்களில் தொழிலாளர் உண்மையில் காணக்கூடியது கைத்துப்பாக்கியன்று. காட்டுப்பன்றிக்காகப் பயன்படும் நீண்ட வேட்டைத் துப்பாக்கியே. மறுநடவு செய்த இளங்கன்றுகளைப் பன்றிகள் ஓரிரவில் கிளறிப்போடுவதை யாவரும் அறிவோம். அதற்கு உரிமம் பெற்றவர் மட்டுமே அத்துப்பாக்கியைத் தொட வேண்டும். "கொஞ்சம் பிடி, நான் சிகரெட் பற்றவைக்கிறேன்" என்று பக்கத்திலிருப்பவரிடம் கொடுப்பதும், அவர் வாங்குவதும் தவறாகும். காட்டுப்பன்றி 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் அடங்குவதால், வனவிலங்குத் துறையின் அனுமதியும் வேண்டும். வேட்டைக்காரர் கால்வாயைத் தாண்டும்போது துப்பாக்கியை மடக்கித் திறந்து, தோட்டாவை வெளியே எடுத்துவிட்டுத் தாண்ட வேண்டும். விடியுமுன் நெற்றி விளக்கோடு நிரைக்குள் நிற்கும் பால்வெட்டுத் தொழிலாளியின் வெளிச்சத்தை விலங்கின் கண் என்று எண்ணிச் சுடும் அபாயம் உண்டு. ஆகவே எந்த இரவில், எந்தப் பகுதியில் வேட்டை நடைபெறும் என்பதைக் காலைப் பிரட்டில் கேட்டறிந்துகொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு. கங்காணி கூறாவிடில் அலுவலகத்தில் கிராணியிடம் கேளுங்கள்.

இரும்புக் குழாயைக் கொண்டு பட்டறையில் செய்துகொள்ளும் நாட்டு வெடியும், கம்பி கட்டித் தானே வெடிக்குமாறு வைக்கும் பொறியும் சட்டத்தின் முன் ஆயுதங்களே. அத்தகைய பொறிக்குப் பன்றியும் தெரியாது, மனிதனும் தெரியாது.

பாதுகாவலர் வேலைக்குச் செல்லும் நம் இளைஞர்களுக்கு ஒரு சொல். நிறுவனம் உங்களிடம் துப்பாக்கி கொடுத்தால், உங்கள் பெயரில் அனுமதிச் சீட்டு உள்ளதா என்று முதலில் பாருங்கள். இல்லையேல் வாங்காதீர்கள். வேலை முடிந்ததும் அதை ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புங்கள்.

அந்தத் தம்பியின் கேள்விக்கு நேர் விடை இது: உரிமம் வழங்குவதும் மறுப்பதும் மாநிலக் காவல்துறைத் தலைவரின் அதிகாரத்தில் உள்ளன. விண்ணப்பத்தை மாவட்டக் காவல் தலைமையகத்தில் கொடுக்க வேண்டும். கோலசிலாங்கூரில் உள்ளவர்கள் அங்கேயே செல்லலாம்; பத்தாங் காலி போன்ற உலு சிலாங்கூர்ப் பகுதியினர் கோல குபு பாருவுக்குச் செல்ல வேண்டும். ஆனால் தனிமனிதருக்குக் கைத்துப்பாக்கி உரிமம் மிக அரிதாகவே கிடைக்கிறது. சம்பளப் பணத்தைக் காப்பதற்கென்று கேட்டால் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. சம்பளத்தை வங்கிக் கணக்கில் செலுத்தச் சொல்லிக் கேட்பதும், நான்கு மோட்டார் சைக்கிள்கள் சேர்ந்து புறப்படுவதும், விளக்கில்லாத சாலைத் திருப்பத்தைப் பற்றி நிர்வாகத்திற்கு எழுதிக் கொடுப்பதும் உடனே செய்யக்கூடியவை. அந்தத் தோட்டத்தில் அவ்வாறு ஒரு கடிதம் எழுத அன்றிரவே நான் உதவினேன்.

நிரையிலோ ஆற்றோரத்திலோ துப்பாக்கியோ ரவையோ கிடந்தால் கையில் எடுக்காதீர்கள். இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு காவல் நிலையத்திற்குத் தகவல் கொடுங்கள். கூட ஒருவர் சாட்சியாக இருப்பது நல்லது. உரிமம் வைத்திருந்த தகப்பனார் காலமாகிவிட்டால் அந்த உரிமம் பிள்ளைக்கு வந்துவிடாது. ஈமக் காரியங்கள் முடியட்டும் என்று காத்திராமல் குடும்பத்தினர் உடனே காவல் நிலையத்திற்குத் தெரிவித்து, துப்பாக்கியையும் எஞ்சிய தோட்டாக்களையும் ஒப்படைத்து எழுத்துமூலம் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.