கடுகாய்ச் சிறுத்த எழுத்து

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை வேளையில் என் மடிக்கணினி என்னால் படிக்க மாட்டாத ஏடாக மாறிவிட்டது. அதனை லினக்ஸ் கொண்டு இயக்கி வருகிறேன். மென்பொருள்களைப் புதுப்பித்து மீண்டும் இயக்கியபோது வழக்கமான சாளரங்கள் எழவில்லை. கரிய திரையின் இடப்பக்க மேல் மூலையில், கடுகைத் தூவினாற்போல் இரண்டு வரிகள் மட்டும் நின்றன. மறுநாள் காலை அச்சகத்தில் சேர்ப்பிக்க வேண்டிய கட்டுரைத் தொகுப்போ உள்ளே இருந்தது. அதற்கு வேறு படி எடுத்து வைக்கவில்லை என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன், பயனில்லை. பேரனிடமிருந்து உருப்பெருக்கியை வாங்கித் திரையின்மேல் பிடித்த பிறகே, பயனர் பெயரைக் கேட்டு அது காத்து நிற்கிறது என்பது விளங்கிற்று.

திரையில் பழுது ஏதுமில்லை. அதன் நுட்பமே வினையாயிற்று. 13.3 அங்குலமே உள்ள அத்திரையில் குறுக்கே 3840 புள்ளிகள், நெடுக்கே 2160 புள்ளிகள். சாளரங்கள் இயங்குங்கால் எழுத்தைப் பெரிதாக்கித் தரும் ஏற்பாடு உண்டு. வெறும் கட்டளைத் திரைக்கு அவ்வுதவி இல்லை. 8 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம் என்னும் பழைய அளவிலேயே அன்று அது எழுத்தை வரைந்தது. 1987-இல் ஐபிஎம் நிறுவனம் கொணர்ந்த விஜிஏ முறையில், 480 புள்ளி உயரத்தில் அவ்வெழுத்து 30 வரிகளாக அமைந்தது, படிக்க இடரில்லை. என் திரையிலோ 135 வரிகள், வரிக்கு 480 எழுத்துகள்! ஓர் எழுத்துக்குக் கிடைத்த உயரம் 1.2 மில்லிமீட்டர்தான்.

ஆகவே எழுத்துருவை மாற்றுவதே வழி. பெயரை அடித்தேன், கடவுச்சொல்லையும் அடித்தேன். கடவுச்சொல் எவர்க்கும் திரையில் தோன்றுவதில்லை. அந்த ஓரிடத்தில் மட்டும் கூரிய கண்ணுடையாரும் என் நிலையினரே. பின்னர் 'செட்ஃபான்ட்' என்னும் கட்டளையை அடித்து, ஓர் இடம் விட்டு, டெர்மினஸ் எழுத்துருவின் 32 புள்ளி உயரக் கோப்பின் பெயரைச் சேர்த்தேன். பல்கேரிய நாட்டு திமிதர் ஜெகோவ் ஆக்கிய எழுத்துரு அது. முதல் முறை பிழையாக அடித்தேன். பிழையைச் சுட்டிய மறுமொழியும் கடுகாகவே வந்தது! இரண்டாம் முறை எழுத்துகள் இருமடங்காய் விரிந்தன. 67 வரிகள், ஒவ்வொன்றும் தெளிவு.

இம்மாற்றம் கணினியை நிறுத்தும் வரையே நிற்கும். டெபியன் வகை லினக்ஸில் 'கன்சோல்-செட்டப்' என்னும் அமைப்பை மறுபடி இயக்கி, டெர்மினஸையும் 16-க்கு 32 என்னும் அளவையும் தெரிந்தெடுத்தால் அது நிலைக்கும். திரையின் புள்ளிகளையே குறைத்துக் காட்டச் செய்வாரும் உளர். புள்ளிகள் திரையில் நிலையாகப் பதிந்தவை ஆதலால் எழுத்து மங்க இடமுண்டு. எனக்கு அது உடன்பாடன்று.

இன்னும் ஓர் இடர் காத்திருந்தது. என் கோப்புகளுக்கெல்லாம் தமிழிலேயே பெயர் வைத்திருந்தேன். கட்டளைத் திரையின் எழுத்துருவில் மிகுதியாக 512 வடிவங்களே அடங்கும். தமிழ் அதில் இல்லை. எந்தக் கோப்பு எதுவென்று புலப்படவில்லை. அடைவு முழுவதையும் அப்படியே பென்டிரைவில் படியெடுத்துக்கொண்டு, விடிந்ததும் அச்சகத்துக்கு நடந்தேன்.