மருந்து மட்டும் போதாது. விளைவையும் சொல்ல வேண்டும்

புது தில்லி: மனநலப் பராமரிப்பு மசோதா மாநிலங்களவையில் 2016 ஆகஸ்ட் 8-ம் தேதியும், மக்களவையில் 2017 மார்ச் 27-ம் தேதியும் நிறைவேறியது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டனையிலிருந்து விலக்கும் பிரிவே அப்போது பெரிதும் பேசப்பட்டது. அதே சட்டத்தின் 22-வது பிரிவு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

அளிக்கப்படவுள்ள சிகிச்சை என்ன, அதன் பக்க விளைவுகள் என்ன என்பதை நோயாளி அவருக்குப் புரியும் மொழியில் அறிந்துகொள்ள உரிமை உண்டு என்கிறது அப்பிரிவு. மனச்சிதைவு நோய்க்கு மருந்து உண்பவர்களைப் பொறுத்தவரை இது வெறும் சம்பிரதாயம் அல்ல.

டோபமினின் பங்கு: மூளையின் நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கொண்டு செல்லும் வேதிப்பொருள்களில் ஒன்று டோபமின். எதைக் கவனிக்க வேண்டும், எதை ஒதுக்க வேண்டும் என்று உணர்த்துவதில் அதற்குப் பங்கு உண்டு. மனச்சிதைவு நோயில் மூளையின் ஒரு பகுதியில் அது மிகையாகச் செயல்படுவதாகக் கருதப்படுகிறது. பக்கத்து வீட்டாரின் சாதாரணப் பேச்சும் அப்போது சதியாகத் தோன்றுகிறது. இல்லாத குரல் காதில் ஒலிக்கிறது.

ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் டோபமினை ஏற்கும் வாயில்களை அடைக்கின்றன. ஏறத்தாழ 65 சதவீத வாயில்கள் அடைபடும்போது குரல்களும் சந்தேகங்களும் தணியத் தொடங்குகின்றன. 80 சதவீதத்தை நெருங்கினால் கை நடுக்கமும் உடல் விறைப்பும் தலைகாட்டுகின்றன.

உடல் அசைவுக்கும் ஊக்கத்துக்கும் மகிழ்ச்சிக்கும் தேவைப்படுவது அதே டோபமின்தான். எனவே மருந்து உண்பவர் சிலருக்கு உணர்ச்சிகள் மழுங்குகின்றன. நோயும் இத்தகைய மந்தத்தைத் தரக்கூடும் என்பதால், எது எதனால் என்று பிரித்தறிவது கடினம். வீட்டார் அதைச் சோம்பல் என்கின்றனர். வேறு சிலரால் ஓரிடத்தில் உட்கார முடியாது; அது நோய் முற்றியதாகத் தவறாகக் கொள்ளப்படுவதும் உண்டு.

ஓலான்சபின், குளோசபின் போன்றவை செரடோனின் என்ற மற்றொரு வேதிப்பொருளின் வாயில்களையும் அடைக்கின்றன. இவற்றால் நடுக்கம் குறைவு. ஆனால் உடல் எடையும் ரத்தச் சர்க்கரையும் கூடும். குளோசபின் உண்பவருக்கு ரத்த வெள்ளணுக்களின் எண்ணிக்கையைத் தொடர்ந்து பரிசோதிப்பது கட்டாயம்.

சர்ப்பகந்தா தந்த பாடம்: சர்ப்பகந்தா வேர் மனநோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் உதவுவதாகக் கொல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் 1931-ல் எழுதினர். அதிலிருந்து 1952-ல் பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின், நரம்பணுக்களில் இருந்த டோபமின் சேமிப்பையே காலியாக்கியது. நோயாளிகள் அமைதியடைந்தனர்; சிலர் மனச்சோர்வில் ஆழ்ந்ததாகவும் மருத்துவர்கள் பதிவு செய்தனர். மனத்தைத் தணிக்கும் மருந்து அதைச் சோர்வுறவும் செய்யலாம் என்ற எச்சரிக்கை அன்றே கிடைத்துவிட்டது.

இதையெல்லாம் அறியாத நோயாளி, தொல்லை தாளாமல் மருந்தைத் திடீரென நிறுத்துகிறார்; நோய் திரும்புகிறது. முன்கூட்டியே அறிந்தவரோ மருத்துவரிடம் திரும்பிச் செல்ல முடியும். அளவைக் குறைக்கவும், மருந்தை மாற்றவும் வழி உண்டு.

பெங்களூர் நிம்ஹான்ஸ் 2015-16-ல் 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வின்படி, கடும் மனநோயாளிகளில் நால்வரில் ஏறத்தாழ மூவர் சிகிச்சை பெறவில்லை. சமுதாய சுகாதார நிலையம் முதல் அனைத்து அரசு மருத்துவமனைகளிலும் அத்தியாவசிய மருந்துகளை இலவசமாக வழங்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 18-வது பிரிவு. 22-வது பிரிவைக் கைவிட்டு அதை மட்டும் நிறைவேற்றினால், இலவசமாகப் பெற்ற மாத்திரை வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடும்.